ஓட்டை பார்க்கிறவன்

இருபத்திரண்டு வருசமாய்த் திருப்பூரில்
துணியில் ஓட்டை பார்க்கிறவன் நான்.
டியூப்லைட்டின் மேல் துணி ஓடும்;
நீடில் உடைந்த இடத்தில்
சாக்பீஸால் ஒரு வட்டம்.
ரோல் தூக்கித் தூக்கி
என் அடிவயிற்றிலேயே ஒன்று விட்டுப்போனது.
இருமினால் எட்டிப் பார்க்கும்.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் நளாயினி இரண்டை எடுத்து வைத்தார்.
முதலாவது வெள்ளை வலை.
கை தன்னால் இழுத்துப் பார்த்தது:
வார்ப் நிட்டிங், ஜிஎஸ்எம் நாற்பதுக்குள்.
"பாலிப்ரொப்பிலீன்."
உரச்சாக்குங்களா, என்றேன். சிரித்துவிட்டார்.
கரையாது. எரிக்கும்வரை கூடவே கிடக்கும்.

மற்றது பன்றித்தோல்,
உயிரணுக்களைக் கழுவி எடுத்த வெறும் கூடு.
உடம்பு அதில் குடியேறி
மெல்ல மெல்லத் தன் சதையாக்கிக்கொள்ளுமாம்.
விலை கேட்டதும் துளசிமணி
கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.
"சீழ் பிடித்த வயிறென்றால் யோசிக்கலாம்.
அதுவும் சிலருக்குத் தளர்ந்து மறுபடி பிதுங்கும்."

சொந்தமாகிக் கரைவது ஒன்று,
அந்நியமாகவே நின்று தாங்குவது ஒன்று.
எங்கள் நைட் ஷிப்டைத் தாங்கும் ஒடிசாப் பையன்களுக்கும்
இந்த ஊரில் சொந்தம் யார்?
வெள்ளையையே வையுங்க, என்றேன்.

"இன்னும் நெருக்கமாய்ப் பின்னினால் பலந்தானுங்களே?"
"இல்லை. ஓட்டை பெரிதாயிருந்தால்தான்
சதை உள்ளே புகுந்து பிடிக்கும்."

ஓட்டையா பிடிக்கிறது!

மூன்று மாதம் கழித்து மேசைக்கு வந்தேன்.
ரோலை இப்போது வேறொருவன் தூக்குகிறான்.
விளக்கின் மேல் மிளகளவில் ஒன்று நகர்ந்து வந்தது.
சாக்பீஸ் ஒரு நொடி நின்றது.
அப்புறம் வட்டம் போட்டேன்.
பனியனுக்குச் சதை வளராது.