எண்பதாம் வாசல்

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
பஸ் சீற்றுப் பதியிற சேர்வருக்கு முன்னால
நான் ஒரு புரொக்சி நிறுத்தினன்.
பத்தொன்பது வரி ஹாஸ்கெல்.
கேள்வி உள்ளுக்குப் போகும், பதில் வெளியால வரும்,
இடையில ஒண்டையும் ஒளிக்காது
எண்டுதான் நினைச்சன்.

நல்லூர்த் தீர்த்தம் முடிஞ்ச இரவு எட்டரை.
கொழும்பு பஸ்ஸுக்குச் சனம் முட்டுது.
உள்ள இருந்த சேர்வர் கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுது:
ஒரே ஆள் நானூறு தரம் கேக்கிறான். காணும்.

ஆர் அந்த ஆள்?
பதிவைத் திறந்தன்.
சுன்னாகத்தில ஒரு மாணவி,
மானிப்பாயில குடும்பமா ஆறு சீற்று,
ஊர்காவற்றுறையில சிக்னல் அரைக்கோட்டோட ஆரோ,
எல்லாருக்கும் ஒரே முகவரி:
127.0.0.1.
என்ர புரொக்சி தன்ர முகத்தை
எல்லாருக்கும் மாட்டி அனுப்பியிருக்குது.

கேதாரன் போனில கத்துறான்,
"பஸ் வெறுமையா நிக்குது, பிள்ளை!"

வந்த கேள்வியை நான் திருத்தேல்லை.
இந்த மொழியில எதையும் திருத்தேலாது.
பழசு பழசாவே கிடக்கும்,
பக்கத்தில இன்னொண்டு பிறக்கும்,
அச்சொட்டா அதே கேள்வி,
தலைப்பில ஒரு வரி மட்டும் கூட:
இவர் எங்கயிருந்து வந்தவர்.

எட்டு ஐம்பதுக்குக் கதவு திறந்தது.
முதல் சீற்று, ஜன்னல் பக்கம்,
ஊர்காவற்றுறைக்கு.

"குழப்பினவன் எங்கயிருந்து?" எண்டு கேதாரன் கேட்டான்.
தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.
"இஞ்சயிருந்துதான்" எண்டன்.