மறுவிசாரணை இல்லை

ராமேஸ்வரம் நடுவர் மன்றத்தில்
சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு.
மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறக்காமலிருக்க
எவரோ விட்டுப்போன சங்கை மேலே வைத்திருக்கிறேன்.

சின்னப்பாலம் நம்புசெல்வி கூண்டேறினாள்.
மனுதாரர் தரப்பு முதல் சாட்சி.
"குடிச்சிட்டு வந்து, ஆணி நீட்டிக்கிட்டிருந்த
தொளவையால முதுகுல போட்டாருய்யா" என்றாள்.
"எதிர்மனுதாரர் மதுபோதையில்
என்னைத் துடுப்பால் தாக்கினார்" என்று
நடுவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.
அடித்தேன் என்றால், தட்டச்சில்.

குறுக்கு விசாரணைக்கு எழுந்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.
கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. குரல் கனிவுதான்.
"பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவர்தானே நீங்கள்?"
"ஆமா."
"அடியில் பாறை இருக்கும்தானே?"
"பாரு இருக்கும்."
"கிழிக்கும்தானே?"
அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
துணி சுற்றி முங்கியும் அப்படியான விரல்கள்.
காட்டியதை எழுத வழியில்லை.
"ஆம்" என்று எழுதினேன்.

"அப்படியானால் ம.சா.ஆ. 3-இல் கண்ட முதுகுக் காயம்
பாறை கிழித்ததுதான் என்கிறேன்."

வெளியே ஐஸ் வண்டி ஒன்று
பின்னால் வந்துகொண்டே கத்தியது.
அது ஓயும்வரை பொறுத்திருந்தாள்.
"ஐயா, பாருக்கு நம்ம முன்பக்கந்தான் தெரியும்.
கையி, முட்டி, மிஞ்சுனா நெஞ்சு.
முதுகக் கிழிக்கணும்னா
நான் அதும்மேல மல்லாந்து படுக்கணும்.
மல்லாந்தா பாசி எடுக்கிறது?
அப்பறம் அன்னிக்கித் தசமி.
அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு.
தசமிக்கு எவளும் எறங்க மாட்டா.
இந்தா, பூமயிலு ஏவாரி நோட்டக் கொண்டாந்திருக்கா."

உப்பில் பொரிந்த அட்டை.
தேதி, கிலோ, கொடுத்த பணம், பிடித்த கடன்.
அந்த வாரத்தில் அவள் பெயருக்கு நேரே வெறும் கோடு.
எழுதியவர் வரவில்லை, கையொப்பமில்லை, முத்திரையில்லை
என்று வக்கீல் ஆட்சேபித்தார்.
"ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியிடப்படுகிறது."
ம.சா.ஆ. 7.
நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.
பார்க்கக் கூடாது.

காயம் பாறையில் ஏற்பட்டது என்று சொன்னால் சரியல்ல.
பிறர் தூண்டுதலில் வழக்குப் போட்டேன் என்று சொன்னால் சரியல்ல.
சரியல்ல, சரியல்ல.
பதிமூன்று வருஷத்தில் என் விசைப்பலகையில்
ச எழுத்து அழிந்தே போயிற்று.

உட்காரப் போன வக்கீல் திரும்பினார்.
"பதிவேட்டில் 'வீட்டில் தவறி விழுந்ததாக' என்றிருக்கிறதே,
டாக்டரிடம் அதைச் சொன்னது யார்?"
"நாந்தான்."
"வேறு கேள்வி இல்லை."

அப்போது களஞ்சியம் எங்கே நின்றான்,
சீட்டு வாங்குகிற வரிசையிலா, கட்டிலுக்குப் பக்கத்திலா,
அவள் தோளில் கை வைத்தபடியா என்று
கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி.
அவள் தரப்பு வக்கீலம்மா கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்;
காய்ச்சல் என்று காலையிலேயே சொன்னார்.
கேட்க எனக்கு அதிகாரமில்லை.
மறுவிசாரணை: இல்லை.
அடித்தேன்.

படித்துக் காட்டினேன். சரி என்றாள்.
மையில் தோய்த்துப் பெருவிரலை வைத்தாள்.
ரேகை விழவில்லை; ஒரு நீலப் பொட்டு.
மறுபடி வைத்தாள். மறுபடி பொட்டு.
கீழே "இடது பெருவிரல் ரேகை" என்று எழுதினேன்.
நான் எழுதிய பொய்களில் இதையும் சேர்க்கலாம்.

அடுத்த வாய்தா பதினான்கு என்றார் நடுவர்.
"ஐயா, அது அமாவாசை. பாசி நாளு."
எதிர் பெஞ்சில் களஞ்சியம் சிரித்தான்.
நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
சுவர்க் காலண்டரை எட்டிப் பார்த்தார்.
"இருபத்திரண்டு."

அஷ்டமி.
சங்கை நகர்த்தி வைத்துவிட்டு
தேதியைத் திருத்தினேன்.