பொடி மட்டும்

"பொடி மட்டுமோ, லென்சோடயோ?"
ஸ்டான்லி வீதிக் கடையில் டிலக்சன் கேட்கிறான்.
போன கிழமை கொக்குவிலில்
இதே சொல் வேறு வாயில்:
"பொடி எத்தனை மணிக்கு எடுக்கினம்?"
கனடாவுக்கு நேரலை போய்க்கொண்டிருந்தது.
சிரிக்கவில்லை.

இப்போதும் சிரிப்பு வரவில்லை.
இணுவில் மண்டபத்தில் கெட்டிமேளம் தொடங்கி
மூன்றாம் முடிச்சு விழுமுன்
என் கமராவின் ஷட்டர் இறுகி நின்றது.
மாப்பிள்ளையின் அக்கா போனில் எடுத்ததுதான்
அல்பத்தின் நடுப்பக்கம்.
அதில் அரைவாசி ஐயரின் முழங்கை.

புதியது சத்தமே போடாது;
குருநகர்க் கோயிலில்
சுவாமி திரும்பி முறைக்கமாட்டார்.
ஆனால் பற்றரி வேறு, மவுண்ட் வேறு,
எடுத்த சீட்டு முழுதும் போய்விடும்.

பழையது என்னுடையதன் இரட்டை.
எண்பத்திரண்டாயிரம் தரம்
யாருடைய கலியாணங்களையோ பார்த்தது.
பிடியில் இன்னொருவனின் பெருவிரல் தேய்வு.
என் விரல் அதற்குள் போய் இருந்தது.
பொத்தான்களை இருட்டிலும் தெரியும்.

"இதையே தா."

சோதிக்க டிலக்சனையே எடுத்தேன்.
கண்ணை மூடிவிட்டான்.
"இன்னொண்டு எடுங்கோ அண்ணை."

எடுக்கலாம்.
இவனை எடுக்கலாம்.