இரண்டாவது எஞ்சினும் போச்சு

குடவாசல் பக்கம் கொள்முதல் நிலையம்.
சாக்கு வரவில்லை என்று
ஆறாவது ராத்திரி.
குவியலுக்கு ஒரு ஆள், ஒரு தார்ப்பாய்.
பதினோரு குவியலுக்கும் சேர்த்து
ஜெகபர் மகனின் லேப்டாப் ஒன்று.
பள்ளிக்கூடத்தில் கொடுத்தது.
வலது மூலையில் திரை கறுத்துவிட்டது.
விமானத்தின் வால் எப்போதும்
அந்தக் கறுப்பில்தான் போய் மாட்டும்.

விமானம் விழுகிற படம் மட்டும்தான்.
முதல் நாள் தற்செயல்.
மறுநாள் காத்தையன் கேட்டார்:
"இன்னைக்கி எது விழுவுது?"

நல்ல படமென்று ஒன்றைப் போட்டான் பையன்.
மேகம் மேகம் மாதிரியே இருந்தது.
பைலட் பேசாமலே பயந்தான்.
கால் மணியில் பாதிப் பேர் குறட்டை.
எங்களுக்கு வேண்டியது அட்டைப்பெட்டி விமானம்.
தூக்கிப் பிடித்த கம்பி
மின்னலில் பளிச்சென்று தெரியவேண்டும்.
இடி தகர டப்பாவில் இடிக்கவேண்டும்.
வெள்ளைக்காரப் பைலட்
வாயை மூடிய பிறகும்
"கடவுளே, இரண்டாவது எஞ்சினும் போச்சு!" என்று
வடபழனித் தமிழில் கத்தவேண்டும்.

ஏறுகிறவர்களைப் பார்த்தே
கணக்குச் சொல்லிவிடுவாள் தையல்நாயகி.
நிறைமாதக்காரிக்கு வலி மேலேதான்.
பணிப்பெண்ணை அதட்டுகிற கோட்டுக்காரன்
கதவோடு போவான்.
குழந்தை பிழைக்கும், கையிலிருக்கும் கரடிதான் சந்தேகம்.
கடைசி சீட்டில் தாடியோடு குடிக்கிறவன்
வேலை போன பைலட்.
"அவந்தான் எறக்குவான், எழுதி வச்சுக்க."
டோக்கனின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.
ஒன்றும் தப்பவில்லை, கரடி உள்பட.

மூன்றாம் நாள் படத்தில்
விமானம் கோதுமை வயலில் இறங்கியது.
சக்கரம் இல்லை,
வயிற்றால் உழுதுகொண்டே போகிறது.
உள்ளே எல்லோரும் கைதட்டுகிறார்கள்.
காத்தையன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
"அறுப்புக்கு நிக்கிற பயிருய்யா அது.
ரெண்டு வேலி போச்சு.
நஷ்டஈடு எவன் குடுப்பான்?"
"வி.ஏ.ஓ. வரட்டும்."
"மூணுல ஒரு பங்கு அழிஞ்சாத்தான் எழுதுவாரு,
இன்னொரு தடவ எறக்கச் சொல்லு."
பன்னீருக்குச் சிரித்துப் புரையேறியது.
பின்னால் ஓட்டிப் பார்த்தோம்.
வயல்காரனைக் காட்டவே இல்லை.
ஒரு டிராக்டர், ஒரு தண்ணீர்த்தொட்டி, அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு மேல்
கிழக்கே ஒரு நிஜ விமானம் போகும்.
விளக்கு முன்னால், சத்தம் பின்னால்.
தம்பி சிங்கப்பூர் போனது
அந்த மாதிரி ஒன்றில்தான்.
அது கடக்கிறவரை
யாரும் எதுவும் சொல்வதில்லை.
காத்தையன்கூட.

ஆறாம் நாள்
தாடிக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம்.
தகர டப்பாவில் ஒரு இடி.
அடுத்தது டப்பாவில் இல்லை.
பன்னீர்தான் முதலில் ஓடினான்.
தார்ப்பாய் காற்றில் எழும்பி
என் நெல்லின் முதுகு தெரிந்தது.
கல் போதவில்லை, செருப்பைக் கழற்றி வைத்தேன்.
செருப்பா நிற்கும்,
நானே குப்புற விழுந்து
ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
தலையைத் தூக்கினால்
ஒவ்வொரு குவியல் ஓரத்திலும்
ஒரு ஆள் பல்லி மாதிரி.
லேப்டாப்பைச் சாக்கில் சுற்றி
வண்டிக்கடியில் தள்ளியிருந்தான் பையன்.
அது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது:
"பயணிகள் பதற்றப்பட வேண்டாம்.
எல்லோரும் அவரவர் இருக்கையில் அமரவும்."

இருட்டுக்குள்ளிருந்து பன்னீர் கத்தினான்:
"இரண்டாவது எஞ்சினும் போச்சு!"
வாய்க்குள் சேறு போக
பதினோரு குவியலும் குலுங்கியது.

காலையில் மெஷினில் பத்தொன்பதரை.
பதினேழு வேண்டும்.
காயப்போடு என்றார் எழுத்தர்,
வானத்தைப் பார்க்காமலே.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே
தையல்நாயகியைக் கேட்டார் காத்தையன்:
"அந்தத் தாடிக்காரன் எறக்குனானா?"
"எறக்கிருப்பான்."
"பாத்தியா?"
அவள் பதில் சொல்லவில்லை.
சார்ஜ் போடப் போன பையன்
இன்னும் வரவில்லை.