தாராவின் ஒரு கண்

கிறிஸ்மசுக்கு மூன்று தாரா வாங்கினோம்,
தக்கலைச் சந்தையில், கால் கட்டி, ஒரே சாக்கில்.
இரண்டு கறியாயிற்று.
நல்லமிளகு தூக்கலாக, தேங்காய் வறுத்தரைத்து
நான்தான் வைத்தேன். ருசியாகவே இருந்தது.
மூன்றாவது கட்டவிழ்த்து
வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்விட்டது.
நாத்தனார் ஷெர்லின் விளக்குமாற்றால் குத்திப் பார்த்தாள்.
ஆராதனைக்கு மணியடித்தது, விட்டுவிட்டோம்.

புதுவருசம் கழிந்து ஆட்கள் போனார்கள்.
விக்டஸ் கப்பலுக்கு.
மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு.
வில்லுக்குறி வீட்டில் நானும் தாராவும்.
பெயர் வைக்கவில்லை. ஏய் என்றால் வரும்.
தவிடு, பழஞ்சோறு, நத்தை,
ஒருமுறை என் பிரஷர் மாத்திரையின் வெள்ளி அட்டை.

எனக்கு ஆசாரிபள்ளத்தில் இரவு டியூட்டி.
வார்டு முழுக்க உறங்க, விழித்திருக்கச் சம்பளம்.
பகலில் படுத்தாலும் ஒரு காது போனில் கிடக்கும்.
கப்பல் எந்தக் கடலில் என்று தெரியாத நாட்களில்
இரண்டு காதும்.
இப்படி நாலு வருசம்.

ஒரு மதியம் அடுக்களைப் படியில்
தாரா உறங்கிக்கொண்டிருந்தது,
வலது கண் மூடி
இடது கண் திறந்து.
வலிப்போ என்று பதறிக் கிட்டே போனேன்.
திறந்த கண் என்னோடு நகர்ந்தது.
மூடிய கண் அசையவே இல்லை.

மிருக டாக்டர் அஜிகுமார் சிரித்தார்:
நோயொன்றும் இல்லை சிஸ்டர்,
பாதி மூளை உறங்கும், பாதி காவல் நிற்கும்.
கூட்டத்தில் ஓரத்தில் கிடப்பதன் வேலை அது.
நடுவில் கிடப்பவை இரண்டையும் மூடிக்கொள்ளும்.
இதற்கு யார் இருக்கிறார்கள்?
எல்லாப் பக்கமும் ஓரம்தான்.

கட்டைப்பையிலிருந்து அது தலை நீட்ட
அரை டிக்கெட்டா என்றார் கண்டக்டர்.
பஸ்ஸே சிரித்தது, நானும்.
தோட்டியோடு தாண்டும்போதுதான் உறைத்தது:
அதற்கு ஒரு இடமும் ஒரு வலமும் இருந்தன.
இரண்டையும் நான் குழம்பு வைத்தேன்.

அதன்பிறகு டியூட்டி முடிந்து வந்ததும்
யூனிபார்மோடு படியில் உட்காருவேன்,
அதற்கு இடப்பக்கம்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
தாராவிடம் என்ன பாஷையில் கேட்பது?
முதல் பத்து நாள் என்னையே முறைத்தது,
வார்டில் புது நோயாளி என் ஊசியைப் பார்ப்பதுபோல.

மாசியில் ஒரு காலை
வாழைத்தோப்பைப் பார்த்துத் திறந்திருந்தது வலது கண்.
என் பக்கத்துக் கண்
மூடியிருந்தது.

சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது.
எழுந்தபோது அடுப்பில் பால் கருகி நாறியது,
கழுத்தில் எறும்பு,
போனில் மூன்று மிஸ்டு கால்.
நடுங்கிக்கொண்டே திரும்ப அழைத்தேன்.
சும்மா கூப்பிட்டேன், என்றான் விக்டஸ்,
உனக்க குரல் என்ன இப்பிடி இருக்கு?
உறங்கிட்டேன், என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.

மாத்திரை இன்னும் முழுசாகத்தான் போடுகிறேன்.
அட்டையை மட்டும் உயரத்தில் வைக்கிறேன்.

நேற்று ஷெர்லின் கேட்டாள்:
மைனி, இந்த வருசம் எத்தற தாரா சொல்லணும்?
ஒண்ணு, என்றேன்.
ஒண்ணு ஆருக்குக் காணும்?
வலப்பக்கத்துக்கு என்று சொன்னால் விளங்காது.
கறிக்குக் குளச்சலில் மீன் எடுப்போம், என்றேன்.
அதற்கு இமையே கிடையாது.