மிதக்கும் கால்

மூன்று வருடம் என்று எழுதிக் கொடுத்தேன்.
நாற்பத்தெட்டாம் நாள் செத்துப் போயிற்று.

மண்முனைப் பாலம் தாண்டும்போது
பையில் மல்ரிமீற்றர், காஸ் சூட்டுக்கோல்,
பனடோல் பெட்டி நிறைய ரெசிஸ்ரர்.
சூரியன் விழும் கரைக்குப் படுவான்கரை என்று
பேர் வைத்தவர்களுக்குத் தெரியாது,
படுப்பதற்கென்றே ஒன்றைச் செய்து
நான் அங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று.

வெல்லாவெளியில் துருசடித் தூணில் மஞ்சள் பெட்டி.
உள்ளே பத்து ரூபாய்க் குற்றியளவு பற்றரி,
சுண்டுவிரல் நகத்தளவு சில்லு.
அதன் வேலை உறங்குவது.
கால்மணிக்கு ஒருதரம் கண் திறக்கும்,
வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும்,
ஒரு எண்ணைக் காற்றில் எறியும்,
எறிந்த கை கீழே வருமுன் உறங்கிவிடும்.
ஒரு நாளில் அது விழித்திருப்பதையெல்லாம் கூட்டினால்
ஒரு வெற்றிலை மடிக்கக் காணாது.

"நல்ல உத்தியோகம்" என்றார்
வட்டவிதானை குணசீலன். "பென்சன் இருக்கா?"
பெட்டி செத்த நாளிலிருந்து
இரவில் டோர்ச்சோடு அவரே வந்து பார்க்கிறார்.
வரம்பில் யானை லத்தி
இன்னும் ஈரமாய்க் கிடந்தது.
அதை அவர் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு நடந்தார்.

புதுப் பற்றரி போட்டு மீற்றரைக் கோத்தேன்.
இரண்டு மைக்ரோ அம்பியர் இருக்க வேண்டிய இடத்தில்
நூற்றுத் தொண்ணூறு.
உடம்பு கிடக்கிறது,
உள்ளே எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது.

சில்லின் ஊசிகளைக் கால் என்போம்.
இருபத்தெட்டுக் கால். ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
பதினேழாவது எதோடும் சேரவில்லை.
பிறகு மழைமானி பூட்டலாம் என்று
நான்தான் சும்மா விட்டிருந்தேன்.
ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை.
அது நடுவில் நின்று
ஓமா இல்லையா, ஓமா இல்லையா என்று
ஈரக்காற்றுக்கும் நடுங்கி
பற்றரியைக் குடித்து முடித்திருக்கிறது.

பத்தாயிரம் ஓம் ரெசிஸ்ரர்,
நெல்மணியில் கொஞ்சம் பெரிசு.
ஈயம் உருகிப் பிடித்தது.
அந்தக் காலை நிலத்தோடு கட்டினேன்.
மீற்றர் விழுந்து விழுந்து
இரண்டில் நின்றது.

குணசீலன் எட்டிப் பார்த்தார்.
"செத்துட்டா?"
"இல்ல. இப்பதான் உறங்குது."

கல்லடி, எழுவான்கரை. இரவு இரண்டு மணி.
மெல்பேர்ன் கம்பனியின் கடிதம்
போனில் திறந்தபடி:
வெள்ளிக்கு முன் பதில் தரவும்.
நேற்றும் வெள்ளிதான்.
இன்னொரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்,
இங்குள்ள வேலையை விடுவதாக.
அதையும் அனுப்பவில்லை.
மின்விசிறி கடகடக்கிறது.
நுளம்பு வலைக்கு வெளியே
என் ஒரு கால்.

இரண்டே கால்: நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.
இரண்டரை: நாற்பத்தொன்று.
இரண்டே முக்கால்:
நாற்பது.