அட்டிபெலே வரை

ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே கறுப்பு.
ஒன்றின் பின்கதவில் மட்டும் சின்னதாக ஒரு டி.
ஓசூர் ரோட்டுப் பழைய கார் யார்டில்
பச்சைத் தகர நிழலில் இரண்டும் நின்றன,
சண்டை போட்டுக்கொண்ட இரட்டையர் போல
ஆளுக்கொரு திசை பார்த்து.

புதிதென்றால் எண்பது லட்சம்.
ஆறு வருடமும் முன்னாள் முதலாளியின் கௌரவமும் கழிய
இருபத்தேழு.
டீசலுக்கு இன்னும் ஒன்றரை குறைப்பேன் என்றார் சாந்தராஜு.
கேட்காமலே குறைப்பவரை
நான் நம்புவதில்லை.

மணிவேந்தன் ஃபோனில் கணக்குப் போட்டான்.
இது லிட்டருக்குப் பதினான்கு, அது எட்டு.
டீசல் என்றால் கூர்க், டீசல் என்றால் கொடைக்கானல்,
ஒரே டேங்கில் கோவா.
போன வருடம் நாம் ஓசூர் தாண்டியது எத்தனை தடவை?
இரண்டு.
இரண்டும் சாவுக்கு.

என் வேலை காது சோதிப்பது.
ஜெயநகரில், சத்தம் புகாத அறைக்கு வெளியே உட்கார்ந்து
நாளுக்குப் பதினைந்து பேரிடம் சொல்கிறேன்:
கேட்டால் கையைத் தூக்குங்கள்,
எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும்.
அதனால் பானெட்டைத் திறந்ததும்
என்னைத்தான் முன்னால் விட்டார்கள்.

பெட்ரோலை ஸ்டார்ட் செய்தான் மெக்கானிக் நயாஸ்.
செய்துவிட்டாயா என்று அவனையே கேட்டேன்.
என் அறையின் அதே அமைதி, சக்கரம் வைத்து.

டீசல் வேறு.
முதலில் இரண்டு செருமல்,
பிறகு கடகடவென்று
தன் எடையைத் தானே சொல்லிக்கொள்ளும் அடிக்குரல்.
நூற்று இருபத்தைந்து ஹெர்ட்ஸுக்கும் கீழே,
காதுக்கு முன்னால் விலா எலும்புக்குக் கேட்பது.
எனக்குப் பிடித்துவிட்டது.
சொல்லவில்லை.

டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு.
கரி, மேடம், என்றான் நயாஸ்.
புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கு.
சில்க் போர்டில் நின்று நின்று எல்லாம் அதில் படியும்.
நிற்காமல் ஓட்டினால் சூடேறித் தானாக எரிந்துபோகும்.
உங்க ரன்னிங் எவ்வளவு?
ஆறு கிலோமீட்டர்.
எவ்வளவு நேரம்?
ஐம்பது நிமிடம்.
அவன் எதுவும் சொல்லாமல்
துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

சாந்தராஜுவுக்குத்தான் யோசனை வந்தது:
டெஸ்ட் டிரைவ்தானே, அட்டிபெலே வரை ஓட்டிவிட்டு வாருங்கள்,
விளக்கும் அணையும், வண்டியும் புரியும்.
அவர் வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார்
என்று தெரிந்தேதான் ஏறினோம்.

மேம்பாலம் ஏறியதும் பொம்மனஹள்ளி
கீழே ஒற்றை ஹாரனாகச் சுருங்கியது.
எண்பது. எண்பதிலேயே.
எலக்ட்ரானிக் சிட்டி போனது, சந்தாபுரா போனது,
மணிவேந்தனின் ஃபோன் மடியில் கவிழ்ந்து கிடந்தது.
இருவரும் பேசவில்லை,
வீட்டில் பேசாமலிருப்பது போல அல்ல.
என் காலுக்குக் கீழே எங்கோ
யாரோ நின்ற சிக்னல்களின் கரி
அறுநூறு டிகிரியில் எரிந்துகொண்டிருந்தது.
லேசான காந்தல் வாடை.

டோலுக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு அணைந்தது.
ஆச்சு, என்றான்.
நான் என்னையறியாமல்
வலது கையைத் தூக்கியிருந்தேன்.

அப்படியே ஓசூர் போய் ஒரு காபி என்று
இருவரில் ஒருவர் கேட்டிருக்கலாம்.
யார்டு ஒரு மணிக்கு மூடும்.
யூ டர்ன் போட்டோம்.

பெட்ரோலை வாங்கினோம்.
அதுதான் சரி.
நயாஸ் சரி என்றான்,
பேங்க் சரி என்றது,
எங்கள் ஆறு கிலோமீட்டரும் சரி என்றது.
லிட்டருக்கு எட்டு இல்லை, ஐந்தரை;
அதையும் இப்போது பேசுவதில்லை.
சில்க் போர்டில் நிற்கும்போது மட்டும்
இன்ஜின் அணைந்துவிட்டதோ என்று
ஊசியைப் பார்த்துக்கொள்வேன்.

நேற்று ராத்திரி பங்கில்
குழாயைக் கையில் எடுத்த பையன்
டீசல்தானே மேடம், என்றான்.
இவ்வளவு பெரிய வண்டி என்றால்
அவர்களுக்கு அப்படி ஒரு நினைப்பு.
பின்னால் நான்கு பைக்குகள் நின்றன.
நான் உடனே சொல்லியிருக்க வேண்டும்.